நாலு எழுத்து படித்த சேவல்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது சொன்னது இதுதான்: "நீ என்ன வேலை பார்க்கிறேன்னு இங்க யாருக்கும் தெரியாதுப்பா. உங்க அப்பாவைக் கேட்டா, 'கம்ப்யூட்டர்ல கோழி வளர்க்கிறான்'ங்கிறார். வந்து விளக்கிட்டுப் போ." அப்பா சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. உயிரினங்களின் ஜீனோமை, அதாவது முழு மரபணுத் தொகுதியை, துண்டு துண்டாகப் படித்து கணினியில் கோத்து முழுசாக்குவது என் தொழில். சில ஆண்டுகளாக என் கையில் அதிகம் புழங்குவது கோழியின் ஜீனோம்.

நாலு எழுத்து படித்தவன் என்று நம் பக்கம் சொல்வோம் இல்லையா? டி.என்.ஏ.வுக்கும் நாலே எழுத்துதான். ஏ, டி, ஜி, சி. இந்த நாலும் மாறி மாறி வர, கோழிக்கு ஏறத்தாழ 100 கோடி எழுத்து. மனிதனுக்கு 300 கோடி. அளவில் நாம் மூன்று மடங்கு. ஆனால் மரபணு எண்ணிக்கையில் அப்படிப் பெரிய வித்தியாசம் கிடையாது. 2004 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் கோழியின் ஜீனோம் முதன்முதலாக வெளியானபோது 20,000 முதல் 23,000 வரை மரபணுக்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பறவைகளிலும் சரி, பண்ணை விலங்குகளிலும் சரி, அதுதான் முதல் ஜீனோம்.

அப்படிப் படிக்கப்பட்டது ஒரே ஒரு பெட்டைக்கோழி. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், பல தலைமுறையாக உறவுக்குள்ளேயே இணைசேர்த்து வளர்த்த சிவப்புக் காட்டுக்கோழி வம்சத்தைச் சேர்ந்தது. உறவுக்குள் ஏன் என்று கேட்பீர்கள். தாய் வழி வந்த எழுத்தும் தகப்பன் வழி வந்த எழுத்தும் ஒரே மாதிரி இருந்தால் கோப்பது சுலபம். அவ்வளவுதான் காரணம்.

கோப்பது என்றால் என்ன? இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதில் இருக்கிறது. ஒரே நாள் தினத்தந்தி முப்பது பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். முப்பதையும் கண்டபடி கிழித்து, ஒரே சாக்கில் போட்டுக் குலுக்குங்கள். இப்போது அந்தச் சாக்கை ஒருவரிடம் கொடுத்து, "ஒரு முழுப் பேப்பரைச் சேர்த்துக் கொடு" என்று கேளுங்கள். ஒரு துண்டில் 'திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லி' என்று கிழிந்திருக்கும். இன்னொரு பிரதி வேறு இடத்தில் கிழிந்திருப்பதால், அதில் 'மார்க்கெட்டில் மல்லி விலை கிலோ' என்று இருக்கும். பொதுவாக வரும் சொற்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரி நீளும். இப்படியே ஒட்டிக்கொண்டு போனால் பத்தி வரும், பக்கம் வரும். முப்பது பிரதி எதற்கு என்பதும் இப்போது புரிந்திருக்கும். ஒரே பிரதியைக் கிழித்தால் எதையும் எதோடும் ஒட்ட முடியாது.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில். ஒரே ஜவுளிக்கடை ஒரே வாசகத்தை எட்டுப் பக்கத்தில் போட்டிருக்கிறது. கையில் இருக்கும் சின்னத் துண்டில் 'மாபெரும் தள்ளுபடி' என்று மட்டும் இருந்தால், அது எந்தப் பக்கத்துத் துண்டு? மொத்தம் எத்தனை முறை அந்த விளம்பரம் வந்தது? சொல்லவே முடியாது. துண்டு பெரிதாக இருந்து, விளம்பரத்தோடு பக்கத்துச் செய்தியும் சேர்ந்து கிழிந்து வந்தால்தான் தெரியும். 2004இல் ஒரு துண்டு சுமார் 500, 800 எழுத்து. பிறகு வந்த மலிவான இயந்திரங்களில் 150 எழுத்துதான். விலை இறங்கியது, துண்டும் சிறுத்தது. இப்போது ஒரே துண்டில் 15,000, 20,000 எழுத்து ஏறத்தாழப் பிழையில்லாமல் படிக்கலாம். வேறு வகை இயந்திரத்தில் லட்சத்தைத் தாண்டியும் படிக்கலாம், கொஞ்சம் பிழையோடு. துண்டின் நீளம்தான் இந்தத் தொழிலின் கதையே.

விளம்பர உதாரணத்தைச் சும்மா சொல்லவில்லை. நம்ம ஊர்ச் சண்டைச்சேவலின் தலையைப் பார்த்திருப்பீர்கள். நாட்டுச்சேவலுக்கு இருக்கிற மாதிரி நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை அதற்குக் கிடையாது. மூன்று வரிசையில் பட்டாணி பதித்த மாதிரி சின்னதாக, மண்டையோடு ஒட்டிக் கிடக்கும். உலகம் முழுக்க இதற்குப் பட்டாணிக் கொண்டை என்றே பெயர். சண்டையில் எதிரி கவ்விப் பிடிக்க வசதியில்லாத கொண்டை. இதற்கு என்ன காரணம் என்று சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2009இல் கண்டுபிடித்தார்கள். 'சாக்ஸ்5' என்கிற மரபணுவுக்குள் ஒரு சின்னப் பகுதி, ஒரே வாசகம், திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கிறது. நம் தள்ளுபடி விளம்பரமேதான்! 150 எழுத்துத் துண்டை வைத்துக்கொண்டு இந்த இடத்தை ஒழுங்காகக் கோக்கவே முடியாது. நம் சேவலின் தலையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்று, கணினியில் கண்ணுக்குத் தப்புகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு கதையும் இருக்கிறது. லெப்டின் என்று ஒரு ஹார்மோன். 1994இல் எலியில் கண்டுபிடித்தார்கள். பசியை அடக்குவது, உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கோழிக்கும் இருக்கிறது என்று 1998இல் ஒரு தரப்பு சொல்ல, இன்னொரு தரப்பு மறுக்க, 2004இல் ஜீனோமே வெளிவந்து, அதில் தேடிப் பார்த்தால் இல்லை. 'பறவைகள் லெப்டினை இழந்துவிட்டன' என்றுகூட எழுதினார்கள். உண்மையான லெப்டின் மரபணு கோழியில் இருப்பது 2016இல் உறுதியானது. ஜி, சி என்ற இரண்டு எழுத்துகளும் நெருக்கமாகக் குவிந்த ஒரு மூலையில் அது இருந்தது. அந்தக் கால இயந்திரங்கள் அப்படிப்பட்ட இடத்தில் தடுக்கி விழும். கோழிக்கு மொத்தம் 39 ஜோடி குரோமோசோம். அதில் பத்து ஜோடி போல பெரியது, மிச்சம் பொடிப்பொடி. அந்தப் பொடியில்தான் மரபணு நெருக்கமாக இருக்கும், ஜி-சி குவியலும் அங்கேதான் அதிகம். ஆக, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கோழியில் 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தோம். கோழியிடம் இருந்தது, நம் புத்தகத்தில்தான் இல்லை. 2022இல் இருபது கோழிகளைத் தனித்தனியாகக் கோத்தபோது, அதுவரை இருந்த மூலப்படியில் இல்லாத மரபணுக்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. 2023இல் சீனாவில், குவாங்டாங் மாகாணத்து ஹூசூ என்கிற தாடிக்கோழியை, அந்தப் பொடி குரோமோசோம்கள் உட்பட ஏறத்தாழ முழுமையாக எழுதி முடித்தார்கள். அது பெரிய கம்பெனிக் கோழி இல்லை. அவர்கள் ஊர் நாட்டுக்கோழி.

மூலப்படி என்று சொன்னேன் இல்லையா, அதைப் பற்றித்தான் நான் இங்கே முக்கியமாகப் பேச வந்தேன். ஒவ்வொரு கோழிக்கும் முதலிலிருந்து கோத்துக்கொண்டிருந்தால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் ஏற்கெனவே கோத்து வைத்த ஒரு கோழியை மூலப்படியாக வைத்துக்கொண்டு, புதுக்கோழியின் சின்னச் சின்னத் துண்டுகளை அதன்மேல் பொருத்தி, எங்கே வேறுபடுகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். பொருந்தாத துண்டு? ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சரி, 2021 முதல் ஆய்வகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் மூலப்படி எந்தக் கோழி? தாய் பிராய்லர், தகப்பன் வெள்ளை லெகார்ன். இரண்டுக்கும் பிறந்த ஒரு குஞ்சின் டி.என்.ஏ.வைப் படித்து, தாய் வழி தனி, தகப்பன் வழி தனி என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான வேலை, நான் கைதட்டுவேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடையில் "பிராய்லர் வேணாம், நாட்டுக்கோழி இருந்தாக் குடுங்க" என்று கேட்டு, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற ஊர் நம்முடையது. அந்த நாட்டுக்கோழியின் ஜீனோமைப் படிக்கிறபோது மட்டும் பிராய்லர்மேல் வைத்துத்தான் படிக்கிறோம். பிராய்லரிடம் இல்லாதது நம் கோழியில் இருந்தால், ஒதுக்குகிற கூடைக்குப் போகிறது.

நம் கோழி என்றால் எது? எங்கள் அம்மா வளர்த்ததெல்லாம் சிறுவிடை. குட்டையாக, சுறுசுறுப்பாக, தானாகவே மேய்ந்து, அடைகாத்து, பருந்தைக் கண்டால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பெருவிடை வேறு. உயரமாக, மார்பு அகன்று, கால் தடித்து இருக்கும். அசில் என்று வடக்கே சொல்கிற வகை. அதிலேயே நம் பக்கத்துக்காரர்கள் தனியாக வளர்த்தெடுத்ததுதான் கிளிமூக்கு விசிறிவால். அலகு கிளியைப் போல வளைந்து, வால் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கி இருக்கும். திண்டுக்கல்லில் இதற்கென்றே கண்காட்சி நடத்தி, பிற மாநிலத்துக்காரர்களும் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்வார்கள். இது அழகுக்காக வளர்ப்பது, களத்தில் விடுவதற்கு அல்ல. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

பழமை பற்றி ஒரு வார்த்தை. உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு நடுகல் நட்டு வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. இவ்வளவு காலமாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த பறவை இது. காகம், கீரி, மயில், நூலான், செவலை என்று நிறத்துக்கு ஒரு பெயர் வைத்து, இன்ன தாய்க்கு இன்ன சேவல் என்று கணக்குப் பார்த்து வளர்த்தவர்கள் மரபியல் படித்தவர்கள் அல்ல. இருந்தும் அவர்கள் செய்தது மரபியல்தான். இத்தனை இருந்தும், கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் வாரியத்தின் இனப் பதிவில் அசிலின் தாயகமாகக் குறிக்கப்பட்டவை சத்தீஸ்கர், ஒடிசா, ஆந்திரம். நம் பெயர் அதில் இல்லை. பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கின ஊர் நாம்!

இன்னொரு உறவையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கோழி முழுக்க முழுக்கச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று டார்வின் 1868இல் எழுதினார். பெரும்பாலும் சரிதான். 863 கோழி ஜீனோம்களை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வும், தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழியைத்தான் மூதாதை என்கிறது. ஆனால் மஞ்சள் காலும் மஞ்சள் தோலும்? அந்த மரபணு வடிவம் வந்தது சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று 2008இல் தெரிந்தது. சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியப் பறவை. சிறுமலையிலும் பழனி மலையிலும் விடியற்காலையில் கூவுவது அதுதான். கலப்பு சிறுமலையில்தான் நடந்தது என்று யாரும் ஊர்ப் பெருமை பேசிவிடாதீர்கள், அப்படி ஒரு ஆதாரமும் கிடையாது. ஆனாலும் உலகத்து மஞ்சள்கால் கோழிகளுக்கெல்லாம் ஒரு பாட்டி நம் பக்கத்துக் காட்டுப் பறவை.

சரி, கிளிமூக்குச் சேவலின் ஜீனோமைக் கோக்க என்ன வேண்டும்? முதலில் சேவல் வேண்டாம். இதை நான் சேவல்காரர்களிடம் சொன்னபோது அவர்கள் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "சேவலைப் பாக்க வந்துட்டு பொட்டையக் கேக்கிறீங்களே சார்!" மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய் இரண்டும் உண்டு. பறவையில் தலைகீழ். சேவலுக்கு இரண்டும் இசட்; பெட்டைக்குத்தான் இசட், டபிள்யூ இரண்டும் இருக்கும். எல்லாக் குரோமோசோமும் ஒரே பறவையில் வேண்டுமென்றால் பெட்டைதான் வேண்டும். இன்னும் நல்லது, அந்தப் பெட்டையின் தாயும் தகப்பனும் சேர்த்துக் கிடைப்பது. அப்போதுதான் எது தாய் வழி, எது தகப்பன் வழி என்று பிரித்து எழுதலாம். வேடசந்தூர் பக்கம் ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, சேவலை யார் கேட்டாலும் விலைக்குக் கொடுப்போம். தாய்க்கோழியைக் கொடுக்க மாட்டோம். வம்சம் அதுலதான இருக்கு" என்றார். டபிள்யூ குரோமோசோமை அவர் பார்த்ததில்லை. ஆனால் அது தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே போவது என்பதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ரத்தம் எவ்வளவு என்று பயப்பட வேண்டாம். இறக்கை நரம்பிலிருந்து சில துளி போதும். நம் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லை, கோழிக்கு உண்டு. அதனால் சில துளியிலேயே ஏராளமான டி.என்.ஏ. கிடைத்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். நீளத் துண்டு படிக்க வேண்டுமென்றால் டி.என்.ஏ. நொறுங்காமல் வந்து சேர வேண்டும். சித்திரை வெயிலில், ஐஸ் பெட்டியோடு, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ரத்தத்தைவிடக் கடினமானது அந்தப் பெரியவர் அடுத்துக் கேட்ட கேள்வி. "எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க? நாளைக்கு எவனாவது இதை வச்சு, எங்க சேவலை அவன் சேவல்னு சொல்ல மாட்டானா?" பக்கத்தில் இருந்த இளைஞர் வேறு, "கேஸ் கீஸ் எதுவும் வராதுல்ல சார்?" என்றார். இரண்டாவதற்குப் பதில் சுலபம். விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு எதிராக நான் பேச மாட்டேன். அழகுக்கு வளர்ப்பதற்கு அதில் தடை இல்லை. முதல் கேள்விதான் நியாயமான கேள்வி. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டம் இருக்கிறது. 2003 முதல் சென்னையிலேயே தேசிய பல்லுயிர் ஆணையம் இருக்கிறது. வெளிநாட்டார் நம் உயிரினத்தை ஆய்வுக்கு எடுக்க அனுமதி வாங்க வேண்டும். ஆனால் ஜீனோம் வரிசையைப் பொதுத் தளத்தில் போட்டுவிட்டால் உலகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். இறகு ஒன்றுகூட எல்லை தாண்டத் தேவையில்லை. இப்படி எழுத்து வரிசையைப் பயன்படுத்தி லாபம் பார்ப்பவர்கள் பங்கு தர வேண்டும் என்று, 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய மாநாட்டின் முடிவுப்படி, 2025 பிப்ரவரியில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். அதில் பணம் போடுவது கம்பெனிகளின் விருப்பம். அந்தப் பணம் வேடசந்தூர் வரை வருமா என்றால், நான் அவருக்கு உறுதி எதுவும் கொடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். வளர்த்தவர் யார், எந்த ஊர், எந்த வம்சம் என்பது அந்த வரிசையோடு சேர்ந்தே பதிவாக வேண்டும். அதற்கு அவர் சம்மதம் எழுத்தில் வேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால் ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

ஆனால் காலம் அவசரப்படுத்துகிறது. தோற்றத்துக்காகவும் எடைக்காகவும் வெளிக் கலப்பு தாராளமாக நடக்கிறது. நாட்டுக்கோழி என்று பண்ணையில் விற்பதில் எவ்வளவு நாட்டுக்கோழி என்று பண்ணைக்காரருக்கே வெளிச்சம். பிறகு வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் வந்தால் ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழி மொத்தமும் போய்விடும், அதோடு அந்த வீட்டு வம்சமும் போய்விடும். நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜீனோம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், தடுப்பூசியைப் போடுங்கள்.

ஒரு கோழியைக் கோத்துவிட்டால் வால் ஏன் நீண்டது, மூக்கு ஏன் வளைந்தது என்று தெரிந்துவிடுமா? தெரியாது. புறாவில் குட்டை அலகுக்குக் காரணமான மரபணுவை அமெரிக்காவில் 2021இல் பிடித்தார்கள். எப்படி? குட்டை அலகுப் புறாவையும் சாதா அலகுப் புறாவையும் சேர்த்து, பேரப்பிள்ளைகள் அத்தனைக்கும் அலகை அளந்து, டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு. அது இசட் குரோமோசோமில் இருந்தது. நம் சேவலுக்கும் அப்படி நிறையப் பறவை, நிறைய அளவு வேண்டும். முதல் ஜீனோம் என்பது அந்த வேலைக்குப் போடுகிற மேஜை மட்டும்தான். ஆனால் மேஜை நம்முடையதாக இருந்தால், பொருந்தாத துண்டு என்று ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிப்போம்.

மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. இயந்திரம் இங்கே இல்லை என்று சொல்லாதீர்கள். கோழி ஜீனோம் அத்தனையும் பொதுத் தளத்தில் இலவசம்; கோக்கும் மென்பொருளும் இலவசம். எடுத்த எடுப்பில் கோழி வேண்டாம், ஒரு பாக்டீரியாவைக் கோத்துப் பழகுங்கள், சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். கணினி பிடிக்காதவர்களுக்கு வேறு வேலை. வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போங்கள். ஆடு விற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சேவல் விற்பார்கள். நிறத்துக்கு என்ன பெயர் சொல்கிறார்கள், கொண்டை எந்த வகை, கால் மஞ்சளா வெள்ளையா, வால் எத்தனை அங்குலம், தாய்க்கோழி எந்த ஊர் என்று நோட்டில் எழுதுங்கள். விலையையும் எழுதுங்கள். இந்த நோட்டு இல்லாமல் வருகிற ரத்தத்தை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

மதியம் மூன்று மணிக்கு விலங்கியல் ஆய்வகத்தில் இருப்பேன். மடிக்கணினியில் அந்தப் பட்டாணிக் கொண்டை இடத்தைத் திறந்து வைக்கிறேன். சின்னத் துண்டில் எப்படித் தெரிகிறது, நீளத் துண்டில் எப்படித் தெரிகிறது என்று நீங்களே பார்க்கலாம். பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வருகிறவர்கள் நாலு மணிக்கு வந்தாலும் சரி.